லேப் முழுக்க லினக்ஸ்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி லேப்களிலும் சிறு அலுவலகங்களிலும் மொத்தமாக லினக்ஸ் ஏற்றும் வேலை வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குப் போடும் இடங்களில் 40 மெஷின் உள்ள ஒரு லேப், ஒரு 48 போர்ட் கிகாபிட் சுவிட்ச், ஒரு ஃபைபர் மோடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை, கோப்புப் பெயர்கள் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

பென்டிரைவ் போட்டு ஒவ்வொண்ணா ஏத்துனா போதாதா? இதெல்லாம் எதுக்காக்கும்?

ஐந்து மெஷின் வரை பென்டிரைவே போதும். அதற்கு மேல் போனால் நேரத்தைவிட வேறொன்று படுத்தும். 40 மெஷினைக் கையால் போட்டால் 40 தினுசாக வரும். ஒன்றில் ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) இருக்காது, ஒன்றில் நேரமண்டலம் தப்பாக இருக்கும், 17-வது மெஷினில் யூசர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். ஆறு மாதம் கழித்து ஏதாவது பழுதானால், எந்த மெஷினில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, எந்த மெஷினையும் பயமில்லாமல் துடைத்துத் திரும்ப எழுப்ப முடிய வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாம் அதற்குத்தான்.

ஐந்துக்குள் இருந்தாலும் பென்டிரைவையே தானியங்கியாக்கிவிடலாம். இரண்டாவது பென்டிரைவ் ஒன்றை ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து, அதன் லேபிளை 'சிஐடேட்டா' என்று வைத்து, 'யூசர்-டேட்டா', 'மெட்டா-டேட்டா' என்ற இரண்டு கோப்புகளைப் போடுங்கள். உபுண்டு சர்வர் நிறுவி அதைத் தானே கண்டுபிடித்து, 'தொடரலாமா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கும். கர்னல் வரியில் (லினக்ஸின் மையமான கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'ஆட்டோஇன்ஸ்டால்' என்று சேர்த்தால் அந்தக் கேள்வியும் வராது.

ப்ரொவிஷனிங், கான்ஃபிகரேஷன், ஆர்க்கெஸ்ட்ரேஷன் மூணும் ஒண்ணுதானே?

இல்லை. கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் தரையில் பந்தல் போடுவது ப்ரொவிஷனிங்: காலி வட்டில் இயங்குதளம் ஏறுவது. பந்திப்பாய் விரித்து இலை போடுவது கான்ஃபிகரேஷன்: தேவையான மென்பொருள், யூசர், அனுமதிகள். யாருக்கு எப்போது எது விளம்புவது, சாம்பார் வாளி தீர்ந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பந்தி நடத்துபவர் செய்வது ஆர்க்கெஸ்ட்ரேஷன்: பல மெஷின்களுக்கு நடுவே வரிசையும் ஒத்திசைவும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியமென்றால், பழுது வரும்போது முதலில் கேட்க வேண்டியது 'எந்த அடுக்கில்?' என்பதுதான். திரையில் ஐபி எண்ணே வரவில்லை என்றால் அன்சிபிள் (பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) கோப்பைத் திருத்திப் பயனில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகின்றன.

எந்த டிஸ்ட்ரோ போடலாம்?

டிஸ்ட்ரோ என்பது லினக்ஸின் ஒரு வகை வெளியீடு. ஆதரவுக் காலத்தைப் பார்த்து முடிவெடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து அல்ல. உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டு இலவச ஆதரவு உண்டு, 24.04-க்கு அது 2029 வரை. டெபியன் பழைய மெஷின்களுக்கு இலகு. சென்ட்ஓஎஸ் 7 இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-லேயே முடிந்துவிட்டது. அந்த ரெட்ஹேட் குடும்பம்தான் வேண்டுமென்றால் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் வெளியிடும் பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது.

தானியங்கிக் கோப்பின் பெயரும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்: ரெட்ஹேட் வழியில் கிக்ஸ்டார்ட், டெபியனில் ப்ரீசீட், உபுண்டு சர்வரில் 20.04 முதல் ஆட்டோஇன்ஸ்டால். ஒன்றின் கோப்பு இன்னொன்றில் ஓடாது.

சர்வர்னு தனியா வாங்கணுமா?

வேண்டாம். 4 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி, கிகாபிட் நெட்வொர்க் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும். செலவு செய்வதாக இருந்தால் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒன்று இன்டர்நெட் பக்கம், மற்றது லேப் பக்கம். பிறகு வரும் தலைவலிகளில் பாதி அதிலேயே தீரும்.

மெஷினை ஆன் பண்ணுனா உள்ள என்னதான் நடக்குது? முதல்ல இருந்து சொல்லுங்க.

நெட்வொர்க் கார்டில் உள்ள சிறு நிரல் பிஎக்ஸ்இ. பயாஸில் நெட்வொர்க் பூட் ஆன் செய்திருந்தால், மெஷின் எழுந்ததும் அது 'எனக்கு ஐபி யார் தருவீர்கள்?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். ஐபி எண் வழங்கும் டிஎச்சிபி சர்வர் 67-ம் எண் போர்ட்டில் அதைக் கேட்டு, ஐபி எண்ணோடு இன்னும் இரண்டு தகவல் தரும்: பூட் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் என்ன. மெஷின் அந்தக் கோப்பை டிஎஃப்டிபி வழியாக, 69-ம் போர்ட்டில், இறக்கிக்கொள்ளும்.

எந்தக் கோப்பைத் தருவது என்பதில்தான் முதல் குழி. பழைய பயாஸ் மெஷினுக்கு ஒரு கோப்பு, யுஇஎஃப்ஐ (பயாஸுக்கு மாற்றாக வந்த புதிய முறை) மெஷினுக்கு வேறு. மெஷின் தன் வகையை டிஎச்சிபி 93-ம் ஆப்ஷனில் எண்ணாகச் சொல்லும்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. இதைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க்கில் (டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் தரும் சர்வர் மென்பொருள்) இரண்டு வரி போதும். பிரிக்காவிட்டால் லேப்பில் பாதி ஏறும், பாதி கறுப்புத் திரையில் நிற்கும்.

பூட் கோப்பு வந்ததும் அது கர்னலையும் இனிட்ஆர்டியையும் (தொடக்கத்துக்கான சிறு கோப்புத் தொகுப்பு) இழுக்கும். டிஎஃப்டிபி 512 பைட் 512 பைட்டாக, ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' என்று பதில் வாங்கிக்கொண்டு அனுப்பும் மிகப் பழைய முறை. பைய நகரும். சிறிய கோப்புகளை மட்டும் அதில் கொடுத்து, பெரியவற்றை எச்டிடிபியில் கொடுங்கள். அதன் பிறகு ஓடுவது நிறுவி. அது கர்னல் வரியில் எழுதிய முகவரியிலிருந்து உங்கள் தானியங்கிக் கோப்பைப் படிக்கும்.

பிஎக்ஸ்இன்னு வந்து அப்படியே நிக்குது. ஐபி கிடைக்கமாட்டேங்கு.

மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய வகை) என்றால் முதல் சந்தேகம் ஸ்பானிங் ட்ரீ. கேபிளில் உயிர் வந்த பிறகு சுழல் இருக்கிறதா என்று சோதிக்க, பழைய முறையில் அந்த போர்ட்டை 15 வினாடி கேட்கும் நிலையிலும் 15 வினாடி கற்கும் நிலையிலும் வைத்திருக்கும். அந்த 30 வினாடிக்குள் சில மெஷின்களின் பிஎக்ஸ்இ கேட்டுக் கேட்டுக் கைவிட்டுவிடும். மெஷின்கள் இருக்கும் போர்ட்களுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி: நடுவில் சாதாரண 5 போர்ட் சுவிட்ச் ஒன்றைச் சொருகுங்கள். ஐபி கிடைத்துவிட்டால் காரணம் அதுதான்.

அடுத்தது, டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஎச்சிபி பதிவை ஆன் செய்து பாருங்கள். மெஷினின் மேக் எண் (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்) பதிவில் வரவே இல்லையென்றால் கேபிள் அல்லது சுவிட்ச். மேக் எண் வந்து, ஐபியும் போய், அதன் பிறகு அமைதி என்றால் ஃபயர்வாலில் 69 மூடியிருக்கிறது அல்லது கோப்புப் பெயரில் எழுத்துப்பிழை. செக்யூர் பூட் ஆனாக இருந்தால் கையொப்பமிட்ட ஷிம், க்ரப் என்ற பூட் கோப்புகளை மட்டுமே ஏற்கும். நீங்களே கட்டிய ஐபிஎக்ஸ்இ (பிஎக்ஸ்இக்குத் திறந்த மூல மாற்று) கோப்பை மறுத்துவிடும்.

மோடமே ஐபி குடுக்குது சார். அதை ஆஃப் பண்ண விடமாட்டேங்காங்க.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர் இருந்தால் யார் முந்துகிறார்களோ அவர் பதில்தான். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. எல்லாப் பழுதிலும் ஆளைக் குழப்புவது இந்த வகைதான். மோடத்தைத் தொடவே முடியாது என்றால் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். ஐபி எண்ணை மோடம் கொடுக்கும், பூட் கோப்பின் விவரத்தை மட்டும் உங்கள் சர்வர் கொடுக்கும். 67 போக 4011-ம் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

ஆனாலும் இரண்டு நெட்வொர்க் கார்டு வைத்து லேப்பைத் தனியாகப் பிரிப்பதுதான் நல்லது. உங்கள் டிஎச்சிபி தவறுதலாக ஆபீஸ் பக்கம் கசிந்தால், பில் போடும் கவுண்டரில் இருப்பவர் உங்களைத் தேடி வருவார்.

வைஃபைல முடியாதா?

முடியாது. பிஎக்ஸ்இ கேபிளை நம்பித்தான் இருக்கிறது. ஏற்றி முடிந்த பிறகு வைஃபைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்டோஇன்ஸ்டால் ஃபைல் வச்சாச்சு. ஆனாலும் மொழி என்னன்னு கேட்டுட்டு நிக்குது.

நிறுவிக்குக் கோப்பு போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் புரியவில்லை. வெப் சர்வரின் பதிவைப் பாருங்கள். கோப்பைக் கேட்டு யாருமே வரவில்லை என்றால் கர்னல் வரியில் குற்றம். அந்த வரியில் 'நோகிளவுட்' என்பதற்குப் பிறகு அரைப்புள்ளி போட்டு முகவரி எழுதுவோம். க்ரப்புக்கு அரைப்புள்ளி என்றால் 'கட்டளை முடிந்தது' என்று அர்த்தம். மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், அல்லது முன்னால் பின்சாய்வு போடாவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள முகவரி முழுக்க வெட்டுப்பட்டுப்போகும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டு வந்திருக்கிறது, ஆனால் மெட்டா-டேட்டாவுக்கு 404 போயிருக்கிறது என்றால், அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம், கோப்பு இருந்தால் போதும். இரண்டும் சரியாகப் போயிருந்தால் யூசர்-டேட்டாவின் முதல் வரியைப் பாருங்கள்: ஹேஷ் குறியோடு 'கிளவுட்-கான்ஃபிக்' என்று இருந்தே ஆக வேண்டும். அதன் பிறகு யாம்ல் (இந்தக் கோப்பு எழுதப்படும் வடிவம்) இடைவெளிகள். டேப் விசை ஒன்று எங்கோ ஒளிந்திருந்தாலும் கோப்பு முழுக்கப் போச்சு, ஸ்பேஸ் மட்டுமே.

நிறுவி ஓடும்போதே ஆல்ட் எஃப்2 அழுத்தினால் ஷெல் கிடைக்கும். அங்கே 'வார் லாக் இன்ஸ்டாலர்' கோப்பகத்தைப் படித்தால், ஊகம் செய்து ஒரு மணி நேரம் வீணாக்க வேண்டாம்.

4 ஜிபி ராம் மெஷின்ல மட்டும் பாதியில செத்துப்போவுது. 8 ஜிபில நல்லா ஏறுது.

உபுண்டு சர்வரை நெட்வொர்க்கில் ஏற்றும் வழக்கமான முறையில், ஐஎஸ்ஓ கோப்பு முழுவதையும் முதலில் ராமில் இறக்கும். 24.04-ன் முதல் வெளியீட்டு ஐஎஸ்ஓ சுமார் 2.6 ஜிபி. அது உட்கார்ந்த பிறகு நிறுவிக்கு மூச்சுவிட இடமில்லை. 'இடம் போதவில்லை' என்று நின்றுவிடும். வட்டில் இடம் இல்லை என்று நினைத்து ஹார்டு டிஸ்க்கை மாற்றியவர்களும் உண்டு.

ஐஎஸ்ஓவை சர்வரில் பிரித்து வைத்து என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்பகத்தைப் பகிரும் முறை) வழியாகக் கொடுத்தால், தேவைப்படும் பகுதியை மட்டும் இழுத்துக்கொள்ளும். இல்லையென்றால் டெபியனுக்குப் போங்கள். அதன் நெட்பூட் நிறுவி சில பத்து எம்பிதான். பேக்கேஜ்களை அவ்வப்போது இழுக்கும். பழைய மெஷின் நிறைந்த லேப்புக்கு டெபியன், ப்ரீசீட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்ற கூட்டணியைத்தான் பரிந்துரைப்போம்.

40-ம் ஒரே நேரத்துல போட்டா எவ்வளவு நேரம் ஆவும்?

முந்தைய பதிலில் சொன்ன 2.6 ஜிபியை 40-ஆல் பெருக்குங்கள்: 104 ஜிபி. கிகாபிட் கம்பியில் நடைமுறையில் வினாடிக்கு 110 எம்பி வரும். ஆக ஐஎஸ்ஓ போய்ச் சேரவே 16 நிமிடம். சுவிட்சோ கேபிளோ 100 மெகாபிட் வகையாக இருந்தால் அதுவே இரண்டரை மணி நேரம் தாண்டும். கேபிளில் எட்டு கம்பியில் நான்கு மட்டும் சரியாகக் கிரிம்ப் ஆகியிருந்தாலும் கிகாபிட் கிடைக்காது, 100-க்கு இறங்கிவிடும். சுவிட்ச் விளக்கின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த நெருக்கடி ஃபைபர் லைன். ஒவ்வொரு மெஷினுக்கும் 1 ஜிபி பேக்கேஜ் என்றால் 40 ஜிபி வெளியிலிருந்து வரவேண்டும். சர்வரில் ஏபிடி-கேச்சர்-என்ஜி போட்டு, 3142-ம் போர்ட்டை எல்லா மெஷினுக்கும் ப்ராக்ஸியாகக் கொடுங்கள். முதல் மெஷின் இழுப்பது சேமிக்கப்பட்டு, மற்ற 39-க்கும் உள்ளூரிலேயே கிடைக்கும். எச்டிடிபிஎஸ் ரெப்போக்களை (பேக்கேஜ் கிடங்குகளை) இது சேமிக்காது.

மூன்றாவது, யுபிஎஸ். மானிட்டரோடு ஒரு மெஷினுக்கு 150 வாட் என்று வைத்தால் 40-க்கு 6 கிலோவாட். 5 கேவிஏ யுபிஎஸ் தாங்காது. பத்துப் பத்தாக ஏற்றுங்கள், மானிட்டரை அணைத்து வையுங்கள். முதலில் ஒன்று, பிறகு மூன்று, அதன் பிறகு பத்து.

முடிஞ்ச பிறகு திரும்பவும் முதல்ல இருந்து இன்ஸ்டால் ஆவுது. விடிய விடிய ஓடுது.

பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கிறது. நிறுவி முடித்து ரீபூட் ஆனதும் மெஷின் மறுபடி பிஎக்ஸ்இக்குப் போய், சர்வர் மறுபடி நிறுவியைக் கொடுக்கிறது. சர்வரில் ஒவ்வொரு மேக் எண்ணுக்கும் ஒரு கொடி வையுங்கள். ஏற்ற வேண்டும் என்றால் நிறுவி, இல்லையென்றால் 'உள் வட்டில் போ'. காப்ளர் என்ற நெட்வொர்க் நிறுவல் கருவியில் 'பிஎக்ஸ்இ ஒரே ஒரு முறை' என்று இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. கையால் செய்வதென்றால், ஆட்டோஇன்ஸ்டாலின் 'லேட்-கமாண்ட்ஸ்' பகுதியில் கடைசி வரியாக சர்வருக்கு 'நான் முடித்துவிட்டேன்' என்று ஒரு எச்டிடிபி அழைப்பு போடுங்கள். அது வந்ததும் சர்வர் கொடியை இறக்கட்டும்.

பட்டியலில் இல்லாத மேக் எண்ணுக்கு எப்போதும் உள் வட்டுதான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் மெஷின் தற்செயலாக நெட்வொர்க் பூட் ஆகி, வட்டு துடைக்கப்பட்டால் மீட்க முடியாது.

அதுல விண்டோஸ் இருக்கு. அது போயிரக்கூடாது.

ஆட்டோஇன்ஸ்டாலில் சேமிப்பகம் 'டைரக்ட்' என்று இருந்தால் வட்டு முழுவதும் போகும், சி டிரைவ் டி டிரைவ் பார்க்காது. ஏற்கெனவே உள்ள பார்ட்டிஷனை 'ப்ரிசர்வ்' என்று குறித்துக் காப்பாற்ற முடியும். ஆனால் 40 மெஷினிலும் பார்ட்டிஷன் அமைப்பு ஒரே மாதிரி இருந்தால்தான் அது நம்பகம். லேப்களில் அப்படி இருப்பதில்லை. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) ஆனாக இருந்தால் பூட் அமைப்பு மாறியதும் ரெகவரி கீ கேட்டு நிற்கும். கீ யாரிடமும் இருக்காது.

லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி ஒன்று சொருகுவதே எங்கள் கட்சி. அப்போதும் 'பெரிய வட்டு எதுவோ அதில் போடு' என்று எழுதாதீர்கள். விண்டோஸ் இருப்பதுதான் பெரும்பாலும் பெரியது. எஸ்எஸ்டியின் மாடல் பெயரையோ சீரியல் எண்ணையோ குறிப்பிடுங்கள். இன்னொன்று: விண்டோஸ் போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை உலக நேரம் என்று படிக்கும். ஐந்தரை மணி நேரம் முன்னால் காட்டினால் காரணம் இதுதான்.

ஒரு மெஷினை ரெடி பண்ணி அப்படியே குளோன் எடுத்தா ஈசிதானே?

ஈசிதான், அடுத்த நாள் காலை வரை. உபுண்டு சர்வர் டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்வது மேக் எண்ணை வைத்து அல்ல, 'ஈடிசி'யில் உள்ள மெஷின்-ஐடியிலிருந்து உருவாகும் எண்ணை வைத்து. குளோனில் 40-க்கும் ஒரே ஐடி. ஆகவே 40-க்கும் ஒரே ஐபி. இரண்டு மெஷின் மாறி மாறி நெட்வொர்க்கிலிருந்து விழும். சுவிட்ச் மேல் பழி வரும்.

இமேஜ் எடுக்கும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். கோப்பையே அழிக்க வேண்டாம், உள்ளடக்கம் மட்டும் போக வேண்டும். அடுத்த பூட்டில் புதிது உருவாகும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினில் நுழையும் முறை) ஹோஸ்ட் கீகளை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாக ஏற்பாடு செய்யுங்கள். 'கிளவுட்-இனிட் கிளீன்' (முதல் பூட் அமைப்பின் தடயங்களைத் துடைக்கும் கட்டளை) ஓட்டுங்கள். நெட்வொர்க் அமைப்பில் கார்டின் பெயரை நேரடியாக எழுதியிருந்தால், வேறு மாடல் போர்டில் பெயர் மாறி நெட்வொர்க்கே வராது. குளோன் எடுக்கும் கருவியான க்ளோன்சில்லாவின் மல்டிகாஸ்ட் முறை (ஒரே தரவை எல்லோருக்கும் ஒருசேர அனுப்புவது) வேகம்தான், ஆனால் மலிவு சுவிட்சில் அந்த வெள்ளம் எல்லா போர்ட்டுக்கும் பாயும். அந்த நேரத்தில் ஆபீஸில் நெட் நின்றுவிட்டது என்று போன் வரும்.

'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகலை'ன்னு சில மெஷின்ல மட்டும் வருது.

அந்த மெஷின்களின் கடிகாரம் பின்னால் இருக்கிறது. போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்து, பிளக்கைப் பிடுங்கியதும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விட்டது. ரெப்போவின் கையொப்பம் இன்றைய தேதி, மெஷினுக்கு இன்னும் அந்த நாளே வரவில்லை. பேட்டரியை மாற்றுங்கள். கூடவே சர்வரில் குரோனி ஓட்டி, நேரத்தை உள்ளூரிலேயே கொடுங்கள். கல்லூரி ஃபயர்வால்களில் 123-ம் போர்ட் மூடியிருப்பது வழக்கம்.

குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் போன்ற கடலோரத்தில் மூடியைத் திறக்கும்போது ராம் தொடுமுனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் கறுத்துப்போயிருக்கும். நிறுவி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மென்பொருளைச் சந்தேகிக்காமல், ராமை எழுப்பி, பென்சில் ரப்பரால் துடைத்துச் சொருகி, ஒரு முறை மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

மழை நேரத்துல கரண்ட் போயி பாதியில நின்னா என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் போதும். மேலே சொன்ன கொடி, முடித்த பிறகுதான் இறங்கும். பாதியில் நின்ற மெஷின் தானாகவே நெட்வொர்க்கில் போய் முதலிலிருந்து ஏறும். கொடியை ஆரம்பத்திலேயே இறக்கும்படி எழுதியவர்கள்தான் ஒவ்வொன்றாகத் தேடி ஓட வேண்டும்.

தொலைவிலிருந்து எழுப்பும் வேக்-ஆன்-லேன் பாக்கெட் 102 பைட்தான்: ஆறு பைட் முன்னொட்டு, பிறகு மேக் எண் 16 முறை. அது ரவுட்டரைத் தாண்டாது. மின்சாரம் முழுமையாகப் போய் வந்த பிறகு சில போர்டுகள் அதை மதிக்காது, ஒரு முறை கையால் ஆன் செய்து முறையாக அணைத்த பிறகே மதிக்கும். பயாஸில் 'மின்சாரம் வந்ததும் ஆன் ஆகு' என்ற அமைப்பு அதைவிட நம்பகம். ஆனால் 40-ம் ஒரே நொடியில் எழுந்தால் யுபிஎஸ் கதி என்ன என்று முன்பே கணக்குப் போட்டோம்.

இடிக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு லேன் கேபிள் இழுத்திருந்தால் ஒரு மின்னலில் சுவிட்ச் போர்ட்கள் வரிசையாகப் போகும். அந்த இடைவெளிக்கு மட்டுமாவது ஃபைபர் போடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு வாரத்துக்குப் பிறகு கையில் இருக்க வேண்டியது, இந்தக் கோப்புகள் அடங்கிய கோப்பகத்தின் பிரதி. சில எம்பிதான்; வேறு ஊரில் ஒன்று இருக்கட்டும்.

அன்சிபிள் எதுக்கு? ஷெல் ஸ்கிரிப்ட்ல முடியாதா?

முடியும், முதல் தடவை. ஸ்கிரிப்ட் 'இதைச் செய்' என்று சொல்லும். அன்சிபிள் 'இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லும். ஏற்கெனவே அப்படி இருந்தால் தொடாமல் போகும். இரண்டாம் முறை ஓட்டினால் 'மாறியது 0' என்று வர வேண்டும்; அதுதான் உங்கள் ப்ளேபுக் (அன்சிபிளுக்கு எழுதும் கோப்பு) ஒழுங்கா என்பதற்குச் சோதனை. ஷெல் மாட்யூலையே நம்பி எழுதினால் எப்போதும் 'மாறியது' என்றுதான் வரும். மெஷின் பக்கம் ஏஜென்ட் எதுவும் வேண்டாம். எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். காப்ளரை உருவாக்கிய மைக்கேல் டிஹான்தான் 2012-ல் அன்சிபிளையும் எழுதினார் என்பது ஒரு சுவாரசியம்.

ஆட்டோஇன்ஸ்டால் கோப்பில் குறைவாகவும், அன்சிபிளில் நிறையவும் எழுதுங்கள். ஒரு யூசர், ஒரு எஸ்எஸ்எச் கீ, வட்டு அமைப்பு, ப்ராக்ஸி. இவ்வளவு போதும் நிறுவிக்கு. மெஷின் பெயர், கம்பைலர், லேப் யூசர்கள் எல்லாம் பிறகு. நிறுவியில் ஒன்றை மாற்ற மெஷினையே துடைக்க வேண்டும். அன்சிபிளில் மாற்ற ஒரு நிமிடம்.

அன்சிபிள் ஓட்டுனா பாதி மெஷின் சிவப்பா காட்டுது.

'அன்ரீச்சபிள்' என்றால் மெஷின் அணைந்திருக்கிறது, அல்லது கீ ஏற்கவில்லை. துடைத்துத் திரும்ப ஏற்றிய மெஷின் என்றால் அதன் ஹோஸ்ட் கீ மாறியிருக்கும். சர்வரில் 'நோன்-ஹோஸ்ட்ஸ்' கோப்பில் உள்ள பழைய வரியை நீக்குங்கள். 'ஃபெயில்டு' என்று டிபிகேஜி லாக்கைப் (ஒரு பேக்கேஜ் வேலை நடக்கும்போது இன்னொன்று நுழையாமல் போடும் தாழ்) பற்றிச் சொன்னால், முதல் பூட்டில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏபிடி மாட்யூலில் அந்த லாக்குக்குக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 60 வினாடி, 600 ஆக்குங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து மெஷினுக்குத்தான் போகும், அது இயல்பு நிலை. 'ஃபோர்க்ஸ்' எண்ணை 20 ஆக்கினால் எட்டுச் சுற்று இரண்டாகும். லேப்பில் எல்லா மெஷினும் ஒரே நேரம் ஆனாக இருப்பதே அரிது என்றால், அன்சிபிள்-புல் முறைக்கு மாறுங்கள்: ஒவ்வொரு மெஷினும் பூட் ஆனதும் கிட் (கோப்புகளின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்திலிருந்து தானே இழுத்து ஓட்டிக்கொள்ளும்.

தமிழும் மலையாளமும் டைப் பண்ணணும். ஒவ்வொண்ணுலயும் செட் பண்ணணுமா?

விளவங்கோடு பக்கம் இது கட்டாயம் வரும். ஐபஸ் (உள்ளீட்டு முறை மென்பொருள்), அதற்கான எம்17என் பேக்கேஜ், நோட்டோ எழுத்துருக்கள் ஆகியவற்றை ப்ளேபுக்கில் சேருங்கள். தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் இரண்டும் அதில் உண்டு. கவனம்: உள்ளீட்டு முறைத் தேர்வு யூசருக்கு யூசர் சேமிக்கப்படும். டீகான்ஃப் (டெஸ்க்டாப் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வழியாக எல்லோருக்கும் பொதுவான இயல்பு அமைப்பாக எழுதாவிட்டால், புதுப் பையன் லாகின் செய்யும்போது ஆங்கிலம் மட்டுமே இருக்கும்.

அந்த ஃபைல்ல பாஸ்வேர்டு போட்டா பசங்க பார்த்துருவாங்களே?

பார்ப்பார்கள். எச்டிடிபியில் இருக்கும் கோப்பை லேப்பில் உள்ள எவரும் பிரௌசரில் திறக்கலாம். ஆட்டோஇன்ஸ்டால் கோப்பில் பாஸ்வேர்டை ஹேஷாகத்தான் போடுகிறோம். ஆனாலும் பலவீனமான பாஸ்வேர்டின் ஹேஷை உடைக்க ஒரு இரவு போதும். யாரும் லாகின் செய்யாத நீளமான தற்காலிக பாஸ்வேர்டு, உங்கள் பொதுக் கீ மட்டும் அதில் இருக்கட்டும். உண்மையான ரகசியங்கள் அன்சிபிள் வால்ட்டில் (மறைகுறியாக்கிய பெட்டகம்). ஏற்றும் வேலை முடிந்ததும் வெப் சர்வரை நிறுத்திவையுங்கள்.

மேஸ், ஃபோர்மேன், காப்ளர்... எது நல்லது?

மூன்றும் மெஷின்களை மொத்தமாக ஏற்றி நிர்வகிக்கும் கருவிகள். 40 டெஸ்க்டாப்புக்கு எதுவும் வேண்டாம்; டிஎன்எஸ்மாஸ்க், ஒரு வெப் சர்வர், அன்சிபிள் போதும். கனோனிகலின் மேஸ் ஜொலிப்பது, ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் வசதி) உள்ள உண்மையான சர்வர்கள் பத்துப் பதினைந்து இருக்கும் இடத்தில். மெஷினை அதுவே ஆன் செய்யும், ராமில் ஒரு தற்காலிக லினக்ஸை ஓட்டி வட்டு, ராம், கார்டு எல்லாவற்றையும் கணக்கெடுக்கும். இதை கமிஷனிங் என்பார்கள். பிறகு 'டிப்ளாய்' சொன்னால் தயார் இமேஜை வட்டில் எழுதும். பேக்கேஜ் பேக்கேஜாக நிறுவுவதில்லை, அதனால்தான் வேகம். அதன் பக்கம் 5240-ம் போர்ட்டில் திறக்கும்.

டெஸ்க்டாப்பில் ஐபிஎம்ஐ இல்லை. அங்கே மேஸ் போட்டால் பவர் வகையை 'மேனுவல்' என்று வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது ஒருவர் போய் பட்டனை அழுத்த வேண்டும். ஃபோர்மேன் ரெட்ஹேட் குடும்பமும் பப்பெட்டும் (அன்சிபிள் போன்ற இன்னொரு கருவி) புழங்கும் பெரிய அலுவலகங்களுக்கு.

அப்போ குபர்னெட்டிஸ்?

அது கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளைப் பல மெஷின்களில் நடத்தும் கருவி. பாடத்திட்டத்தில் இருந்தால் மூன்று மெஷினில் அதன் சிறு வடிவமான கே3எஸ் போட்டுப் பழகுங்கள். ஆபீஸில் ஒரு வெப்சைட்டும் ஒரு டேட்டாபேஸும் ஓட்ட அது வேண்டாம்.

மூணு சர்வர் ஓடிட்டிருக்கு. நிப்பாட்டாம 22.04-ல இருந்து 24.04-க்குப் போகணும்.

இருக்கும் இடத்திலேயே அப்கிரேடு செய்யாமல், ஒவ்வொன்றாகத் துடைத்துப் புதிதாக ஏற்றுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் கையில் இருந்தால், அப்கிரேடு பாதியில் உடைந்ததைச் சரிசெய்வதைவிட இதுதான் குறைந்த நேரம். முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் அதே கோப்பு, அதே ப்ளேபுக்கை 24.04-ல் ஓட்டிப் பாருங்கள். பேக்கேஜ் பெயர் மாறியது, பைத்தான் பதிப்பு மாறியது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ப்ளேபுக்கில் 'சீரியல்' 1 (ஒரு நேரத்தில் ஒரு மெஷின்) என்று வையுங்கள், ஒன்றில் பிழை வந்தால் மொத்தமும் நிற்கும்படியும் எழுதுங்கள். வரிசை இதுதான்: லோட் பேலன்சரிலிருந்து (வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) அந்த சர்வரை விலக்கு, இருக்கும் இணைப்புகள் வடியும் வரை காத்திரு, கொடியை ஏற்றி நெட்வொர்க்கில் பூட் செய், ஏறியதும் ப்ளேபுக் ஓட்டு, ஆரோக்கியச் சோதனை தேறியதும் சேர், பிறகே அடுத்தது. டேட்டாபேஸ் பிரதிகள் முதலில், தலைமை மெஷின் கடைசியில். அதைத் தொடும் முன் தலைமையை ஏற்கெனவே ஏற்றி முடித்த ஒன்றுக்கு மாற்றுங்கள்.

மூன்று மெஷின் கொத்தில் (கிளஸ்டரில்) பெரும்பான்மை என்பது இரண்டு. நீங்கள் ஒன்றைத் துடைத்துவைத்திருக்கும் நேரத்தில் இன்னொன்று தானாக விழுந்தால் கொத்தே எழுதுவதை நிறுத்திவிடும். எனவே தொடங்கும் முன் மூன்றும் பச்சையாக இருக்கிறதா, பேக்கப் உண்மையிலேயே வேறொரு மெஷினில் மீட்டுப் பார்க்கப்பட்டதா என்று பாருங்கள். இடி இடிக்கும் சாயங்காலத்தில் தொடங்க வேண்டாம்.